சிங்க்கில் தொடங்கும் மூசி

ஹைதராபாத்தின் கொண்டாப்பூர், கச்சிபவுலி, மியாபூர் அடுக்குமாடிகளில் பாத்திரம் கழுவும் மெஷின் இன்று சுற்றுச்சூழலுக்கு நல்லது என்ற பெயரோடு வீட்டுக்குள் வருகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வீட்டுவேலை செய்யும் பெண்கள் குடியிருப்புகளுக்குள் நுழைய முடியாமல் போனபோது நாடு முழுவதும் டிஷ்வாஷருக்குத் தேவை கூடியது. அப்போது கைக்கு உதவியாக வாங்கப்பட்டது, பிறகு தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல காரியமாகவும் பேசப்படத் தொடங்கியது. கையால் கழுவினால் நூறு லிட்டர், மெஷினில் போட்டால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் என்று கடையில் சொல்லப்படும் கணக்கு பொய்யல்ல. ஆனால் அது குளிர்நாட்டில் போட்ட கணக்கு. தெலங்கானாவில் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தால் விடை மாறிவிடுகிறது. அதைவிட முக்கியமாக, சிங்க்குக்கு மேலே செலவாவதை மட்டுமே அது எண்ணுகிறது. வடிகுழாய்க்குள் இறங்குவதை எண்ணுவதே இல்லை. இந்த நகரத்தில் பாத்திரம் கழுவுவதால் வரும் கேட்டில் பெரும்பங்கு அந்தக் குழாய்க்குள்தான் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அந்த நூறு லிட்டர் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கரின் குழு, 2004-இல் வெளியான ஆய்வுக்காக, ஐரோப்பாவின் பல நாடுகளைச் சேர்ந்த 113 பேரிடம் 12 பேர் சாப்பிட்ட அளவுக்குப் பாத்திரங்களைக் கொடுத்து, வீட்டில் கழுவுவதுபோலவே கழுவச் சொன்னது. சராசரியாக 103 லிட்டர் தண்ணீரும், 2.5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலும் செலவாயின. அதே பாத்திரங்களுக்கு மெஷின் எடுத்துக்கொண்டது 15 முதல் 22 லிட்டர், 1 முதல் 2 யூனிட். உலகெங்கும் விளம்பரங்களில் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஆய்வின் எண்தான். 2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் இன்னும் விரிவாகப் பார்த்தது. பத்து ஆண்டுப் பயன்பாட்டில், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் வழக்கமான கைக்கழுவலால் 5,620 கிலோ பசுங்குடில் வாயு, மெஷினால் 2,090 கிலோ என்று அது கணக்கிட்டது. மெஷின் தயாரிக்கும் வேர்ல்பூல் நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆய்வு அது. ஆனாலும் எல்லாவற்றையும்விடக் குறைந்த எண் மெஷினுக்குக் கிடைக்கவில்லை. ஒரு தொட்டியில் வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து, இன்னொரு தொட்டியில் குளிர்ந்த நீரில் அலசும் கைக்கழுவலுக்குத்தான் அது கிடைத்தது: 1,610 கிலோ. விற்பனைப் பேச்சில் இந்த மூன்றாவது எண் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

இரண்டு ஆய்வுகளுக்கும் அடியில் இருக்கும் பொருள் ஒன்றுதான்: வெந்நீர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாத்திரத்தை வெந்நீரில்தான் கழுவுகிறார்கள். குளிர்காலத்தில் குழாய்த்தண்ணீரில் கை வைக்க முடியாது, உறைந்த கொழுப்பும் இளகாது. ஆகவே அங்கே கைக்கழுவலின் மாசு என்பது பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கும் எரிவாயுவின், மின்சாரத்தின் மாசு. நூறு லிட்டரைச் சூடாக்குவதைவிடப் பதினைந்து லிட்டரைச் சூடாக்குவது மேல் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஹைதராபாத்தில் பாத்திரத்துக்கென்று தண்ணீர் காய்ச்சுகிற வீடு அபூர்வம். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் பகல் நேரத்தில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டைக் கொடுப்பது வெயில், அதற்கு மீட்டர் ஓடுவதில்லை. ஜெர்மனிக்காரருக்குச் செலவான 2.5 யூனிட் இங்கே வீட்டுக்குள் சுழியம் ஆகிவிடுகிறது. மெஷினோ எந்த ஊரிலும் தன் தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. சிக்கனமான ஓட்டத்தில் ஏறத்தாழ ஒரு யூனிட் வேண்டும். கடாய், குக்கர் போன்ற பிசுக்கேறிய பாத்திரங்களுக்கான நீண்ட ஓட்டம் என்றால் அதற்கும் மேல். மெஷின் முன்னே நின்றதற்குக் காரணமான அந்த வெந்நீரே இங்கே அதன் பின்னடைவாக மாறுகிறது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஹைதராபாத்தில் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் இருக்கிறதே, ஒவ்வொரு லிட்டரும் மலையேறித்தானே வருகிறது என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருக்கெடுத்து நகரத்தைச் சூறையாடிய பிறகு, பொறியாளர் விசுவேசுவரய்யாவின் திட்டப்படி வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் தரவும் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் 1920-களில் எழுந்தன. அங்கிருந்து தண்ணீர் பெரும்பாலும் தானாகவே இறங்கி வந்தது. நகரம் பெருத்ததும் மஞ்சீராவுக்குப் போனார்கள், பிறகு சிங்கூர். 2004-இல் கிருஷ்ணா வந்தது. 2015-இல் கோதாவரியும் வந்து சேர்ந்தது, எல்லம்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 186 கிலோமீட்டர் குழாய் வழியாக. கிருஷ்ணா நீர் எடுக்கப்படும் நாகார்ஜுன சாகரின் முழுக் கொள்ளளவு மட்டம் கடலுக்கு மேல் 180 மீட்டர் அளவில் இருக்கிறது. நகரமோ 500 மீட்டருக்கு மேலே. கோதண்டாபூர், நாசர்லபள்ளி, கோடகொண்ட்ல என்று கட்டங்கட்டமாகப் பம்பு செய்து மேட்டுக்கு ஏற்றிய பின்தான் கிருஷ்ணா நீர் நகரத்தை நோக்கிச் சரிகிறது. இந்தியப் பெருநகரங்களில் இவ்வளவு உயரம் ஏற்றித் தண்ணீர் குடிப்பவை சிலவே.

அந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்ப்போம். ஆயிரம் லிட்டரை 400 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்ச ஆற்றல் 1.1 யூனிட். பம்பின் இழப்பு, குழாயின் உராய்வு எல்லாம் சேர்த்தால் 2 யூனிட் ஆகும். வழியில் கசிந்து வீணாவதையும் வீட்டுக்கு வந்த தண்ணீரின் தலையில் கட்டி, தாராளமாக 3 யூனிட் என்றே வைத்துக்கொள்ளலாம். கழிவுநீரைச் சுத்திகரிக்க இன்னும் அரை யூனிட். அப்படியானால் நூறு லிட்டரில் கழுவும் ஊதாரிக் கைக்கழுவலுக்குள் ஒளிந்திருக்கும் மின்சாரம் 0.35 யூனிட். மெஷினுக்கு அதன் சொந்தத் தண்ணீரையும் சேர்த்து 1.04 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நாளுக்கு ஒரு முறை என்று ஆண்டு முழுக்கப் போட்டால் மெஷினுக்கு ஏறத்தாழ 265 கிலோ, குழாயைத் திறந்துவிடும் கைக்கு 90 கிலோ, முப்பது லிட்டரில் முடிக்கும் கைக்கு 27 கிலோ. இது தோராயம்தான். ஓர் எண்ணை முன்னே பின்னே நகர்த்தினால் விடையும் கொஞ்சம் நகரும், ஆனால் வரிசை மாறாது. இத்தனைக்கும் மெஷினுக்குள் அடுக்குவதற்கு முன் குழாயில் ஒரு அலசு அலசும் வழக்கத்தையும், உள்ளே நுழையாமல் கையாலேயே தேய்க்கப்படும் பெரிய குக்கரையும் அண்டாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீர்ப் பஞ்சம் வேறு விஷயம், அதைக் கரியமில வாயுவால் அளக்கக்கூடாது என்று சொல்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அது உண்மைதான். 2024 கோடையில் நகரத்தின் மேற்குப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கருக்கு முன்பதிவு செய்து காத்துக்கிடந்த குடும்பங்களுக்கு, மெஷின் மிச்சப்படுத்தும் தொண்ணூறு லிட்டர் என்பது ஒரு நாள் மானம். டேங்கர் தண்ணீரின் கணக்கும் வேறு. 5,000 லிட்டர் சுமக்கும் வண்டி போக வர நாற்பது கிலோமீட்டர் ஓடிப் பத்து லிட்டர் டீசல் குடித்தால், தொண்ணூறு லிட்டர் தண்ணீரின் பங்கு அரைக் கிலோ கரியமில வாயு. மெஷினின் ஒரு ஓட்டத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இடைவெளி மிகவும் சுருங்கிவிடுகிறது. ஆகவே டேங்கரை நம்பிப் பெரிய குடும்பம் வாழும் வீட்டில், மெஷினை முழுக்க நிரப்பி, சிக்கன ஓட்டத்தில் ஓட்டினால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அங்கேயும் மெஷினோடு ஒப்பிட வேண்டியது திறந்துவிட்ட குழாயை அல்ல, அடைத்துப் பயன்படுத்தும் தொட்டியை.

தொட்டி முறையில் புதுமை ஏதும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1172 என்ற வழிகாட்டி, நகரத்தில் ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வகுத்து, அதில் பாத்திரம் கழுவ 10 லிட்டரை ஒதுக்குகிறது. நான்கு பேர் வீட்டுக்கு 40 லிட்டர். இன்றைய சமையலறைக் குழாய் ஒன்று நிமிடத்துக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை கொட்டுகிறது. நான்கைந்து நிமிடம் திறந்திருந்தாலே அந்த நாற்பதும் தீர்ந்துவிடும், அப்போதுதான் முதல் தட்டுக்கு சோப்பு போட்டிருப்பார்கள். தரையில் உட்கார்ந்து, அண்டாவிலும் வாளியிலும் மொண்டு பத்துப் பாத்திரம் தேய்த்த காலத்தில் தண்ணீருக்குக் கண்ணால் தெரியும் எல்லை இருந்தது. நின்றுகொண்டு கழுவும் சிங்க் முதுகைக் காப்பாற்றியது. அது பெரிய நன்மை, அதைத் திருப்பிக் கேட்கக்கூடாது. ஆனால் கூடவே எல்லையையும் எடுத்துவிட்டது. அதை மீட்க இரண்டு அகலமான டப் போதும். ஒன்றில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், மற்றதில் நல்ல தண்ணீர். எண்ணெயில்லாத டம்ளர் முதலில், தட்டு அடுத்து, கடாய் கடைசியில். முதல் அலசல் டப்பில், கடைசி அலசல் மெலிதாக ஓடும் குழாயில். குழாய் முனையில் நீரைப் பூவாகச் சிதறடிக்கும் சிறு வடிகட்டியைத் திருகினால் ஓட்டம் இன்னும் குறையும். சுகாதாரத்துக்கு வெந்நீர் வேண்டாமா என்ற கேள்விக்கு, அழுக்கையும் பிசுக்கையும் தேய்த்து எடுத்து, நன்றாக அலசி, உலர வைத்தால் அன்றாடப் பாத்திரத்துக்கு அது போதும் என்பதே பதில். நோயாளி இருக்கும் வீடு, கைக்குழந்தையின் பால்புட்டி ஆகியவை விதிவிலக்கு. சமையலறையில் கிருமி உண்மையில் குடியிருப்பது எப்போதும் ஈரமாகக் கிடக்கும் ஸ்பாஞ்சில். அதைப் பிழிந்து காயவைப்பதும் அடிக்கடி மாற்றுவதும் முக்கியம். தேங்காய் நாரும் பீர்க்கங்கூடும் சீக்கிரம் காயும், தேய்ந்தாலும் பிளாஸ்டிக் துகளாக உதிராது.

இனி வடிகுழாய்க்கு வருவோம். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தில் தலைக்குப் பத்து லிட்டர் என்றால், பாத்திரம் கழுவிய தண்ணீர் மட்டுமே நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். இதில் மிதந்து போவதை வரிசைப்படுத்தச் சொன்னால் எல்லோரும் முதலில் சோப்பைச் சொல்வார்கள். நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால். ஆனால் ஆற்றின் மூச்சை முதலில் அடைப்பது எண்ணெயும் சோறும்தான். ஒரு கிராம் எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறத்தாழ 2.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய், அதாவது 5 கிராம், 14 கிராமுக்கு மேல் ஆக்சிஜனைக் கேட்கும். இந்த ஊரின் வெப்பத்தில் சுத்தமான ஆற்றுநீர் ஒரு லிட்டரில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 8 மில்லிகிராமுக்கும் குறைவு. அப்படியென்றால் ஒரு பிரியாணித் தட்டில் ஒட்டியிருக்கும் ஒரு தேக்கரண்டி நெய், 1,700 லிட்டருக்கு மேற்பட்ட நல்ல தண்ணீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். சோற்றுப் பருக்கை, பருப்பு, குழம்பு மசாலா எல்லாம் அளவில் குறைவாக, அதே வேலையைச் செய்பவை. பிசுக்கு குளிர்ந்ததும் சாக்கடைக் குழாயின் உட்சுவரில் படிந்து, அதில் குப்பை ஒட்டி, மேன்ஹோல் பொங்கித் தெருவில் ஓடுகிறது. இங்கே மெஷினுக்கும் கைக்கும் வேறுபாடே இல்லை. இரண்டும் எண்ணெயைப் பாத்திரத்திலிருந்து எடுத்து அதே குழாயில்தான் தள்ளுகின்றன. வேறுபாட்டை உண்டாக்குவது கழுவுவதற்கு முந்தைய அரை நிமிடம்: தட்டையும் கடாயையும் பழைய செய்தித்தாளாலோ ரப்பர் கரண்டியாலோ வழித்து, ஈரக்குப்பைக் கூடையில் போடுவது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எல்லாவற்றிலும் செலவே இல்லாததும் பலன் கூடியதும் இதுதான் என்று நான் கருதுகிறேன். வழித்த பாத்திரத்துக்குத் தண்ணீரும் பாதி, சோப்பும் பாதி.

சோப்பின் கதை சற்றே சிக்கலானது. பாத்திர சோப்பிலும் லிக்விடிலும் நுரையைத் தருவது பெரும்பாலும் ஆல்கைல் பென்சீன் சல்ஃபோனேட் வகை. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளைத்த சங்கிலியுள்ள பழைய வகை ஆறுகளில் சிதையாமல் நுரைமலையாக எழுந்ததால், 1960-களின் நடுவில் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறினார்கள். நேர்ச்சங்கிலி வகை நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி, காற்று கிடைத்தால் மட்டும். காற்றில்லாத சேற்றிலும் மூடிய தொட்டியிலும் அது சிதையாமல் அப்படியே கிடக்கும். அம்பர்பேட்டையில் நாளுக்கு 33.9 கோடி லிட்டர் வாங்கும் பழைய பெரிய சுத்திகரிப்பு நிலையம், காற்றில்லா முறையில் தொடங்கிப் பிறகு காற்றூட்டும் குளத்தில் முடிகிறது. சோப்பு அங்கே சிதைய வேண்டுமென்றால் அந்தக் கடைசிக் கட்டத்தின் காற்றூட்டிகள் நிற்காமல் சுழல வேண்டும். அங்கே வந்து சேர்வதாவது பரவாயில்லை. 2021-இல் அரசே சொன்ன கணக்குப்படி நகரம் நாளுக்கு 165 கோடி லிட்டர் கழிவுநீரை உண்டாக்கியது. இருந்த 25 நிலையங்களின் திறன் 77 கோடி லிட்டர். பாதிக்கு மேல் நேராக நாலா எனப்படும் ஓடைகளிலும் செருவு எனப்படும் ஏரிகளிலும் மூசியிலும் விழுந்தது. 3,866 கோடி ரூபாயில் 31 புதிய நிலையங்கள் அறிவிக்கப்பட்டன. 2023 முதல் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டு வருகின்றன, அவை காற்றூட்டும் முறையில் அமைந்தவை. நல்ல காரியம், தாமதமாகவேனும் நடக்கிறது. ஆனால் நிலையம் கட்டினால் போதாது, புறநகரத்து வீட்டின் சிங்க் அதற்குப் போகும் குழாயோடு இணைந்திருக்க வேண்டும். பல காலனிகளில் சமையலறைத் தண்ணீர் இன்னும் மழைநீர் வடிகாலில்தான் இறங்குகிறது. கனமழைக்குப் பின் கூகட்பள்ளிப் பக்கத்துத் தரணி நகரில் நாலாவின் நுரை தெருவேறி வீட்டு வாசல்களை மூடும் படங்கள் செய்தியாவதற்குப் பின்னால் இந்த இணைப்பில்லாமையும் இருக்கிறது.

நுரை அடங்கினாலும் பாஸ்பேட் அடங்காது. சோப்பில் தண்ணீரின் கடினத்தை முறிக்கச் சேர்க்கப்படும் அது, ஏரிக்குள் போனால் உரம். ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கும் செருவுகளுக்கு மனிதக் கழிவு தரும் உரத்தோடு இதுவும் கூடுகிறது. மெஷினில் போடும் பொடிகளில்தான் மரபாக பாஸ்பேட் அதிகம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜனவரி முதல் வீட்டு மெஷின் பொடிகளுக்கு ஒரு ஓட்டத்துக்கு 0.3 கிராம் பாஸ்பரஸ் என்று வரம்பு கட்டி, அதை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. டெல்லியில் யமுனை நுரைத்ததன் பேரில், பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை அடுத்து 2021 ஜூனில், தர நிர்ணயத்துக்கு ஒத்துவராத சோப்புகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது. தெலங்கானாவுக்கும் மூசிக்கும் அப்படியொரு உத்தரவு ஏன் வேண்டாம்? பாக்கெட்டின் மேல் எலுமிச்சம்பழப் படம் பெரிதாக இருக்கிறது, உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று படிக்க முடிவதில்லை. மெஷினுக்கு இன்னொரு சுமையும் உண்டு. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரை மென்மையாக்க அதில் அவ்வப்போது கிலோக்கணக்கில் உப்பு போட வேண்டியிருக்கிறது. அந்த உப்பை எந்தச் சாதாரணச் சுத்திகரிப்பு நிலையமும் பிடித்து வைப்பதில்லை. அது நகரத்துக்குக் கீழே மூசிப் பாசனத்தில் நெல்லும் மாட்டுத்தீவனப் புல்லும் விளையும் வயல்களுக்குத்தான் போய்ச்சேரும். அங்கே கழிவுநீரை நம்பியே விவசாயம் நடப்பதைச் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜீடிமெட்லாவிலும் பட்டான்செருவிலும் மருந்துத் தொழிற்சாலைகள் கொட்டுவதைப் பேசாமல் வீட்டுப் பெண்ணின் சோப்பைப் பேசுவதா என்று கோபத்தோடு கேட்பவர்கள் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது. பட்டான்செரு பகுதியின் கழிவுநீரில் நோய்முறி மருந்துகள் அதிர்ச்சி தரும் செறிவில் இருந்ததை 2007-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு, தொழிற்சாலைகளைக் கண்காணிப்பதில் சலுகையே கூடாது. ஆனால் மூசியின் மேற்பகுதித் தண்ணீரை இரண்டு நீர்த்தேக்கங்களும் பிடித்து வைத்திருக்க, கோடையில் நகரத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் வீடுகளின் கழிவுநீர்தான். தொழிற்சாலையைத் தட்டிக்கேட்க மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் நீதிமன்றமும் வேண்டும், வீட்டுத் தட்டை வழிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒன்றைச் செய்வது மற்றொன்றைக் கேட்கும் உரிமையைக் குறைத்துவிடாது. மூசி நல்கொண்டா வழியாகப் போய், நாகார்ஜுன சாகருக்குக் கீழே வாடபள்ளியில் கிருஷ்ணாவில் கலக்கிறது. அதற்குக் கீழேதான் விஜயவாடாவின் பிரகாசம் தடுப்பணை. கோதாவரியிலிருந்தும் கிருஷ்ணாவிலிருந்தும் மேடேற்றிக் கொண்டுவந்த தண்ணீரை எண்ணெயும் நுரையும் சேர்த்துக் கிருஷ்ணாவுக்கே திருப்பித் தருகிறது ஹைதராபாத். குடிப்பவர்கள் வேறு மக்கள்.

பழைய முறைக்கே திரும்பலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது: சாம்பல், புளி, சீயக்காய், தெலுங்கு நாட்டில் குங்குடுகாய் எனப்படும் பூந்திக்கொட்டை. சாம்பலில் உள்ள காரம் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவே மாறுகிறது என்பதால் அது வேலை செய்யும். ஆனால் விறகடுப்பின் புகையைப் பெண்களின் நுரையீரலிலிருந்து நீக்கிய பிறகு, நகரத்துக்குச் சாம்பல் எங்கிருந்து வரும்? பூந்திக்கொட்டையின் சபோனின் மீன்களுக்கு நஞ்சு, அதைக் குட்டையில் கரைத்து மீன் பிடித்தவர்கள் நம் முன்னோர். இயற்கையானது என்பதாலேயே ஆற்றுக்கு நல்லதாகிவிடாது. எந்தப் பொருளையும் ஒரு கோடிப் பேர் ஒரே ஆற்றில் கரைத்தால் அது மாசுதான். ஆகவே பொருளை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கழுவவே வேண்டாமே, பேப்பர் தட்டு இருக்கிறதே என்பவர்கள் கல்யாண மண்டபங்களில் கூடிக்கொண்டே போகிறார்கள். 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தட்டும் தெர்மாகோல் கோப்பையும் சட்டப்படி இல்லை, அந்த இடத்துக்கு மெழுகுபோல் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு வந்துவிட்டது. குழம்பு படிந்த அந்தத் தட்டை மறுசுழற்சிக்கு யாரும் எடுப்பதில்லை, ஜவஹர்நகர் குப்பைமேட்டுக்குப் போகிறது. இதே தெலங்கானாவில் சித்திபேட்டை நகராட்சி ஸ்டீல் வங்கி அமைத்து, விசேஷ வீடுகளுக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாடகைக்குத் தரும் ஏற்பாட்டைச் செய்து காட்டியிருக்கிறது. ஹைதராபாத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் அதைச் செய்யலாம். பெரிய மெஷினுக்கு உண்மையில் இடம் உள்ளது இங்கேதான். ஐந்நூறு தட்டுகளை ஒரே சூட்டில், ஒரே தண்ணீரில் கழுவும்போது மெஷினின் கணக்கு நேராகிவிடுகிறது. இலை கிடைக்கும் இடத்தில் இலைக்கு ஈடில்லை. தெலங்கானாவில் மோதுக இலைகளைத் தைத்துச் செய்யும் விஸ்தராகு என்ற இலைத்தட்டு, சாப்பிட்டதும் உரக்குழிக்குப் போகிறது.

மெஷினுக்கு ஆதரவான மிக வலுவான வாதம் சுற்றுச்சூழல் பற்றியதே அல்ல, உழைப்பைப் பற்றியது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். பாத்திரத் தொட்டி அந்த நிமிடங்களின் நடுவில் இருக்கிறது. ஐந்தாறு வீடுகளில் பாத்திரம் தேய்த்து, சோப்புக் காரத்தில் விரலிடுக்கு வெடித்துப்போகும் பெண்களின் கைகளையும் எண்ண வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. இவர்களுக்கெனச் சட்டம் இயற்றுவதைப் பரிசீலிக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொல்ல வேண்டியிருந்தது. வேலைக்குப் போய்வந்து இரவில் சிங்க் முன் நிற்கும் ஒரு பெண், மெஷின் வாங்கி ஒரு மணி நேரத்தை மீட்டுக்கொண்டால், ஆண்டுக்கு 265 கிலோ கரியமில வாயுவைக் காட்டி அவரைக் குற்றம்சாட்ட யாருக்கும் தகுதியில்லை. அது நியாயமான செலவு. ஆற்றுக்குச் செய்யும் தொண்டு என்று அதற்குப் பெயர் சூட்ட வேண்டிய தேவை அவருக்கும் இல்லை. வீட்டின் ஆண்கள் தட்டை வழித்துக் கழுவினால் மெஷினின் தேவையே பல வீடுகளில் குறையும் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். எப்படியானாலும், கூலிக்குப் பாத்திரம் தேய்ப்பவரிடம் குழாயை மூடச் சொல்லும் வீடு, முதலில் வழித்த தட்டையும் நல்ல டப்பையும் கையுறையையும் அவருக்குத் தர வேண்டும். அடைபட்ட சிங்க்கையும் எச்சில் மலையையும் வைத்துவிட்டுச் சிக்கனம் பேசுவது அநியாயம்.

வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதுதான் இன்னும் அதிகம். 2021 ஜனவரி முதல் வீடொன்றுக்கு மாதம் 20,000 லிட்டர் இலவசம் என்ற திட்டம் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல், அதைத் தொடவேண்டாம். ஆனால் ஜலமண்டலி என்று மக்கள் சொல்லும் குடிநீர் வாரியம், அதற்கு மேல் போகும் வீடுகளுக்கு விலையை உண்மையான பம்புச் செலவோடு சேர்த்துச் சொல்லலாம். அம்பர்பேட்டை நிலையத்தின் காற்றூட்டும் பகுதியைப் புதிய நிலையங்களின் தரத்துக்கு உயர்த்த வேண்டும். சோப்புகளுக்குப் பாஸ்பேட் வரம்பும், பாக்கெட்டின் மேல் தெளிவான தமிழிலோ தெலுங்கிலோ உருதுவிலோ அளவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் உணவகங்கள். ஒரு நடுத்தர பிரியாணி ஹோட்டல் ஒரு மதியத்தில் சாக்கடைக்கு அனுப்பும் நெய்யை ஒரு தெருவே சேர்ந்தாலும் ஒரு வாரத்தில் அனுப்ப முடியாது. பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி அவர்களின் வடிகுழாயில் இருக்கிறதா, அதை வாரந்தோறும் அள்ளுகிறார்களா, அள்ளியது எங்கே போகிறது என்ற மூன்றையும் நேரில் பார்த்த பிறகே மாநகராட்சி அவர்களின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்.